ரிப்பன் கட்டிய காற்றுப்பை

செம்பூரில் தொழிற்சாலைச் சுவரை ஒட்டிக் குடியிருக்கும் ஜனங்களுக்கு ஆபத்துக் காலத்தில் ஒழுங்காக ஓடத் தெரியவில்லை என்பது மாநகராட்சியின் நெடுநாள் கவலை. கற்றுக்கொடுக்கும் பொறுப்பு உதவிப் பொறியாளர் வெங்கடராமன் தலையில் விழுந்தது. மாதுங்காக்காரர், வணக்கம் சொன்னால்கூடப் பதிலுக்குப் பாடம் நடத்துவார்.

"வாயு கசிஞ்சா கண்டபடி ஓடப்படாது. மொதல்ல காத்துப்பையைப் பாக்கணும். வால் பறக்கற பக்கம்தான் விஷம் போறது. நீங்க குறுக்கால போகணும். பாக்காம ஒருத்தரும் நகரப்படாது!"

வாராவாரம் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். விமான தளங்களில் பறக்குமே, அந்தத் துணிக்குழாய் கம்பத்தில் ஏறியது மட்டும் நேற்றுத்தான்.

"இந்த ஒத்தக்கால் பைஜாமாவுக்கா இம்புட்டு கூத்து?" என்றாள் சுவரோரக் குடிசை லூசியம்மாள்.

கூத்து திறப்புவிழாவுக்கு. பையைச் சுருட்டிச் சிவப்பு ரிப்பனால் கட்டி, அதன் முனையைக் கம்பத்தடியில் இறுக்கியிருந்தார்கள். மாநகராட்சியின் பெரிய அதிகாரி, பெரிய சாகேப், ரிப்பனை வெட்டினால் பை விரியும். சாகேப் வரும் வழியெங்கும் வழக்கம்போல் பிளீச்சிங் பவுடர் கோடு.

பந்தல் நிறைந்துவிட்டது. சாகேப் டிராபிக்கில் இருந்தார். சுவருக்கு அப்பால் ஏதோ சீறியது. நெடி வந்தது.

"பவுடரை அள்ளிக் கொட்டிட்டானுவ," என்று லூசியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். வெங்கடராமனும் அப்படித்தான் நினைத்தார், தொண்டை எரியும் வரை. பவுடருக்குத் தொண்டை இப்படி எரியாது.

"சார், கண்ணு எரியுது! எந்தப் பக்கம் போவ?"

பந்தலே எழுந்து அண்ணாந்து பார்த்தது. சுருட்டிய பை அசையவில்லை. ஒருவரும் நகரவில்லை. அவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியிருந்தார்.

"பூதத்தான், வெட்டுய்யா!"

"கத்தரிக்கோலு சாகேப் கார்ல வருது சார்," என்றான் பியூன் பூதத்தான். "அவரு வராம வெட்டுனா மெமோ எனக்குல்லா வரும்?"

வெங்கடராமன் குனிந்து ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்தார். பை விரிந்தது, உப்பியது, எழுந்தது. வால் நேராகப் பந்தலைக் காட்டியது.

எல்லாத் தலைகளும் பையை விட்டு அவரிடம் திரும்பின.

"குறுக்காலன்னா எடது பக்கமா, வலது பக்கமா சார்?"

சொல்ல வாய் திறந்தார். இருமல்தான் வந்தது. சார் இருமி முடிக்கட்டும் என்று ஜனங்கள் ஒழுங்காகக் காத்து நின்றார்கள்.