முத்திரையைக் காட்டினால் போதும்

வாக்கெடுப்புக் கடமைக்கு வந்திருந்த ஷியாமளா டீச்சர் காலையிலிருந்து ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். "சீட்ட மடிச்சு, பின்னால இருக்கிற முத்திரைய மட்டும் காட்டிட்டு பெட்டியில போடுங்க." யார் கேட்டார்கள்? தோட்டத்துச் சனத்துக்கு பேங்க் படிவம், ஆஸ்பத்திரிக் கடுதாசி எல்லாம் பார்த்துக் கொடுக்கிற டீச்சர் அவள். "சரியாப் போட்டிருக்கேனா பாருங்க" என்று, பெருக்கல் குறியாய்ப் புள்ளடி போட்ட வாக்குச்சீட்டை விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

தேர்தல் வைக்காமலே நாட்டுத் தலைவர் இன்னொரு தவணை ஆளலாமா என்று கேட்கும் சர்வஜன வாக்கெடுப்பு அது. தாய்நாட்டை நேசிப்பவர்கள் 'ஆம்' போடுவார்கள் என்று மாத்தளையிலிருந்து நாவுல வரைக்கும் சுவர் சுவராக எழுதியிருந்தது. 'இல்லை' போடுகிறவர்கள் யாரென்று எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில், இருக்கவே கூடாத இடத்தில், கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான் துஷாந்த். இதே தோட்டத்துப் பிள்ளைதான். இப்போது தலைவர் கட்சியின் அமைப்பாளர். வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பான பெரிய அலுவலர் தம்புள்ளைக்காரர். காலையில் அவனை எழும்பச் சொன்னார். உடனே அவருக்கு ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு மனிதர் வாயைத் திறக்கவேயில்லை.

ஷியாமளாவும் திறக்கவில்லை. தலைவரைக் கேலி பண்ணும் படமொன்றை ஃபேஸ்புக்கில் போட்டதற்காக அவள் தம்பி ரொமேஷ் விளக்கமறியல் சிறையில் கிடந்தான். "ஒங்க வீட்டு வோட்டு சரியா விழட்டும் டீச்சர், தம்பிய வெளிய எடுக்கிறது என் பொறுப்பு" என்று துஷாந்த் சொல்லியிருந்தான். அவனை நம்புவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. வேறு யாரிடம் போவாள்? அவளுடைய 'ஆம்' தபால் மூலம் ஏற்கனவே போய்விட்டது. மேல் கட்டத்தில் புள்ளடி போடும்படி அம்மாவிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மத்தியானம் அம்மா சவரியம்மா வந்தாள். மறைப்புக்குப் பின்னால் போனவள், நேரே மகளிடம் வந்து சீட்டை விரித்தாள். புள்ளடி கீழ்க் கட்டத்தில், 'இல்லை'க்கு நேரே, அழுத்தமாக விழுந்திருந்தது.

 துஷாந்த் எட்டிப் பார்ப்பதற்குள் ஷியாமளா சீட்டைப் பறித்து, மடித்து, பெட்டிக்குள் திணித்தாள்.

"என்ன அவசரம் டீச்சர்?" என்று சிரித்தான் துஷாந்த். "அம்மா என்னா போட்டாங்க?"

"ஆம்னுதான்" என்றாள் ஷியாமளா.

சவரியம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னாடி, படிச்ச புள்ள, கண்ணு தெரியலயா? கீழதானே போட்டேன்! எம் மகன உள்ள வச்சிருக்கவனுக்கு நான் ஏன் ஆம்னு போடணும்?"

 துஷாந்த் போனை எடுத்தான். யாரிடமோ சிங்களத்தில், அந்த ரொமேஷின் விஷயத்தை இனிப் பார்க்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னான்.

சவரியம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. "தம்பியப் பத்தியா பேசுறான்? என்னா சொல்றான்?" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஷியாமளா கையை விடுவித்துக்கொண்டு, "அடுத்த ஆள் வாங்க" என்றாள்.

அடுத்து வந்தவர் பக்கத்து லயத்து வீட்டுக் கணபதி. புள்ளடி போட்டுவிட்டு வெளியே வந்து சீட்டை விரித்தார். டீச்சரின் பக்கம் திரும்பவேயில்லை. நேரே துஷாந்திடம் போய், "பாத்துக்கங்க தம்பி" என்று இரண்டு கையாலும் நீட்டினார்.