முப்பத்திரண்டு இன்ச் ரஜ்ஜு

என் வீட்டுக்காரர் அழகர்சாமி ஸ்ரீரங்கத்தில் ஜோசியர். வாசல் போர்டில் "ஜோதிட கணித சிரோன்மணி" என்று இருக்கும். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது போர்டு எழுத வந்த பெயின்டர். பெயருக்குக் கீழே இடம் மிச்சமிருக்கிறதே என்று எழுதிவிட்டுப் போனான். கணிதம் போடுவது சாஃப்ட்வேர். சாஃப்ட்வேரைத் தட்டுவது நான். பதினெட்டு வருஷமாகத் தொழில் இப்படித்தான் நடக்கிறது.

பெண் வீட்டார் இரண்டு ஜாதகத்தோடு வருவார்கள். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் நான் லேப்டாப்பில் அடிப்பேன். பத்துப் பொருத்தத்தில் எத்தனை தேறியது என்று அது காட்டும். நான் உரக்கப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சுக்கிரனே நேரில் வந்து காதில் சொன்ன மாதிரி பலன் சொல்வார். லேப்டாப் எழுத்து அவருக்குத் தெரியாது. இப்போது ஐம்பத்து மூன்று வயது, முப்பத்தைந்திலேயே வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி போடுங்கள் என்றால் மாட்டார். "பக்கத்துல இருக்கறதே தெரியாதவனுக்கு எதிர்காலம் எப்படித் தெரியும்னு கேப்பான்," என்பார். நியாயமான பேச்சுதான், அதனால் நான் வற்புறுத்தவில்லை.

வற்புறுத்தாததற்கு வேறு காரணமும் உண்டு. திரையில் இருப்பதை நான் அப்படியே படிப்பதில்லை.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். பத்துக்கு ஒன்பது பொருத்தம். மாப்பிள்ளை அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவன், ஆனால் அந்தக் கணக்கெல்லாம் சாஃப்ட்வேரில் கிடையாது. தண்ணீர் கொடுக்கப் போனபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அழுது வீங்கிக் கிடந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து "மூணு" என்று படித்தேன். இவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து "மூணா?" என்றார். "மூணுதாங்க," என்றேன். அந்தப் பெண் இன்றைக்கு மன்னார்புரத்தில் பல் டாக்டர். என் கடைவாய்ப் பல்லை வலியே தெரியாமல் பிடுங்கிக் கொடுத்தாள்.

அதிலிருந்து நான் முதலில் முகத்தைப் பார்ப்பேன், பிறகுதான் படிப்பேன். பாவம் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம், எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. ஒரே ஒரு ஜாதகப் பொருத்தத்தைத்தான் மாற்றியும் படிக்கவில்லை, உள்ளபடியும் படிக்கவில்லை. அது எங்களுடையது. சாஃப்ட்வேர் வந்த அன்றைக்கே ரகசியமாகப் போட்டுப் பார்த்து மூடி வைத்தேன்.

விஷயம் பெண்களுக்குள் மெல்லக் கசிந்தது. ஜாதகம் எடுத்து வருமுன் எனக்கு ஒரு போன் வரும். அப்படித்தான் அறிவுமதி கூப்பிட்டாள். ஜீயபுரத்தில் வாழை போட்டிருக்கும் நல்லுசாமியின் மகள். கூட வேலை பார்க்கும் நவநீதனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருஷமாக வீட்டில் போராடுகிறாள். அப்பா கடைசியாக இறங்கி வந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அழகர்சாமி ஜோசியர் பொருத்தம் இருக்கு என்றால் கல்யாணம், இல்லையென்றால் பையனை மறந்துவிட வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வரோம்க்கா. உங்களத்தான் நம்பியிருக்கேன்," என்றாள்.

"தைரியமா வா. நான் பார்த்துக்கறேன்," என்றேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு எப்போதும் அவசரம்.

அன்று சாயங்காலமே இவருக்கு மானிட்டர் ஆசை வந்துவிட்டது. தென்னூரில் பீமராவ் என்று ஒரு ஜோசியர், இவருக்குப் போட்டி. அவர் பெரிய மானிட்டர் வாங்கி, வருகிறவர்களுக்கே கட்டத்தைக் காட்டிப் பலன் சொல்கிறாராம்.

"இனிமே எல்லாம் வெளிப்படையா இருக்கணும் அனுசுயா. நானும் படிப்பேன், வர்றவங்களும் படிப்பாங்க. நீ எதுக்குத் தொண்டை வலிக்கப் படிக்கணும்?"

பதினெட்டு வருஷத்தில் என் தொண்டையைப் பற்றி அவர் கவலைப்பட்டது அன்றுதான்.

"வெள்ளிக்கிழமை போகட்டுங்க, அப்புறம் வாங்கலாம்," என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு அதிபதி புதன். நாளைக்கே புதன்கிழமை, அதுலயும் புதன் ஹோரையில வாங்கணும்," என்றார். புதன் பகவானுக்கு மானிட்டரைப் பற்றி யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

போனில் ஒரு மணி நேரம் மானிட்டர் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். அதில் எனக்கு வேண்டியது கிடைத்தது. திரையில் எழுத்தெல்லாம் புள்ளிகளால் ஆனவை. புள்ளி நெருக்கமாக இருந்தால் படம் துல்லியம். ஆனால் பழைய சாஃப்ட்வேர் என்றால் எழுத்து சுண்டிப்போகும். நெருக்கிப் புள்ளி வைத்தால் கோலம் சின்னதாக வருகிற மாதிரிதான். எங்களுடையது பதினெட்டு வருஷப் பழசு. ஆகையால் அதிகப் புள்ளி உள்ள மானிட்டரை அவர் தலையில் கட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பெரிதாக வாங்கின மாதிரியும் இருக்கும், அவரால் ஒரு எழுத்தும் படிக்க முடியாது.

தென்னூர் கடையில் ஜெகபர் சாதிக் என்று ஒரு தம்பி எங்களைக் கவனித்துக்கொண்டார். முதலில் வளைந்த மானிட்டரைக் காட்டினார்.

"கண்ணுக்கு இதமா இருக்கும் சார்."

"குருவே வளைஞ்சு தெரிவாரே தம்பி. வேற எடுங்க," என்றார் இவர். பிறகு கடை முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து கேட்டார். "சதுரமா எதுவும் இல்லையா?"

"சதுரமாவா?"

"ராசிக்கட்டம் சதுரம். நாலு பக்கமும் ஒரே அளவு. நீங்க எல்லாத்தையும் நீளமா வெச்சிருக்கீங்க. ரெண்டு பக்கமும் சும்மா கிடக்கற இடத்துக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சதுர மானிட்டர் உலகத்தில் எங்கேயாவது இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் ஸ்ரீரங்கம் வந்து சேராது. "அவர் சொல்றது சரிதான் தம்பி, சதுரம்தான் வேணும்," என்றேன்.

சாதிக் ஒரு நிமிஷம் யோசித்தார். "சார், நீளமா இருந்தா பொண்ணு கட்டம் இந்தப் பக்கம், மாப்பிள்ளை கட்டம் அந்தப் பக்கம். ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்கலாமே," என்றார்.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் உடனே அடுத்த வேலையைத் தொடங்கினேன். "தம்பி, அந்த இருபத்தேழு இன்ச், ஃபோர் கே, அதக் குடுங்க. அதுலதான் புள்ளி ஜாஸ்தியாமே."

"நல்ல மானிட்டர்க்கா. என்ன சாஃப்ட்வேர் ஓட்டறீங்க?"

பெயரைச் சொன்னேன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. பொய் சொல்லி விற்கத் தெரியாத பிள்ளை. எனக்கு வாய்த்த கடைக்காரர் அப்படி. "ஐயோ, அது ரொம்பப் பழசுக்கா. இதுல போட்டா எழுத்து எறும்பு மாதிரி தெரியும். முப்பத்திரண்டு இன்ச்ல புள்ளி கம்மியா இருக்கறதா எடுங்க. விலையும் குறைச்சல். எழுத்து இவ்ளோ பெருசா இருக்கும்," என்று இரண்டு விரலை விரித்துக் காட்டினார்.

இவர் அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தபடியே பர்ஸை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து தர வெள்ளி சாயங்காலம் ஆகும் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. அது அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. "ஹோரை போயிடும், கையோட எடுத்துட்டுப் போறோம்," என்று இவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். காவிரிப் பாலத்தில் காற்று பெட்டியைப் பிடித்து இழுத்தது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். தளர்த்தத்தான் நினைத்தேன். பின்னால் வந்த பஸ்காரன் அடித்த ஹார்னில் பயந்து இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நல்லுசாமி வந்தார். கூடவே அவர் மனைவி அழகம்மாளும் அறிவுமதியும். மானிட்டர் அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு நின்றது. நல்லுசாமி அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டோமா என்று காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அறிவுமதி என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவளிடம் என்ன சொல்ல முடியும்?

அடித்தேன். பெண் பிறந்தது காலை ஐந்து நாற்பத்தைந்து, ரோகிணி. பையன் அஸ்தம். பத்து வரியும் வரிசையாக வந்து விழுந்தன. பச்சையில் ஐந்து, சிவப்பில் ஐந்து. ஐந்து இருந்தாலே சமாளிக்கலாம், ஆனால் ஒன்பதாவது வரி சிவப்பு. அது ரஜ்ஜு. தாலி நிலைக்குமா என்று சொல்கிற பொருத்தம். மற்றது என்ன இருந்தாலும் அது இல்லையென்றால் ஊரில் ஒருத்தரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

லேப்டாப்பாக இருந்தால் "ரஜ்ஜு உண்டு" என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன். இவரோ பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு சொந்தக் கண்ணால் படிக்கிற சந்தோஷத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல் வைத்து, "ரஜ்ஜு... இல்லை," என்று ராகம் போட்டுப் படித்தார். அந்த விரலைப் பிடித்துக் கடிக்கலாம் போல எனக்குக் கோபம் வந்தது.

"நானே பார்த்துட்டேன் ஜோசியரே," என்றார் நல்லுசாமி. குரலில் சந்தோஷம் இல்லை. "கெளம்புவோம்." அறிவுமதி எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாக்கை நம்பி வந்தவள். எனக்கு அவமானமாக இருந்தது.

அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல் திரும்பியபோதுதான் திரையின் மூலையில் ஒரு வரி கண்ணில் பட்டது. லேப்டாப்பில் பொடி எழுத்தாக இருந்ததால் இத்தனை வருஷத்தில் நான் சட்டை செய்யாத வரி. ரோகிணி, காலை 5.57 வரை. பிறகு மிருகசீரிடம்.

பன்னிரண்டு நிமிஷம்.

"அழகம்மா," என்றேன். "இந்த அஞ்சு நாப்பத்தஞ்சு, தலை தெரிஞ்ச நேரமா, புள்ள அழுத நேரமா?"

அழகம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மகளை ஒரு தரம் பார்த்தாள். அந்த வீட்டிலேயே புத்திசாலி யாரென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தலை தெரிஞ்ச உடனே நர்ஸு மணி பார்த்து எழுதிருச்சுங்க," என்றாள் நிதானமாக. "இவ வெளிய வந்து அழறதுக்குக் கால் மணி நேரம் ஆயிருச்சு."

"நீ இதச் சொல்லவே இல்லையே?" என்றார் நல்லுசாமி.

"நீங்க எங்க கேட்டீங்க? டீக்கடையில இல்ல இருந்தீங்க."

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "ஏங்க, எந்த நேரத்த ஜனன நேரமா எடுக்கணும்னு எல்லாருக்கும் சொல்லுவீங்களே, அது எது?"

யாராவது சாஸ்திரம் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "முதல் அழுகைதான்," என்றார் நிமிர்ந்து. "குழந்தை மூச்சு விட்டு அழற நேரம்தான் ஜனனம். மத்ததெல்லாம் கணக்குல வராது."

ஆறு மணி என்று திருத்தி அடித்தேன். எல்லோரும் பார்க்கப் பார்க்க பத்து வரியும் மறைந்து மறுபடி வந்தன. ஆறு பச்சை. அதில் ரஜ்ஜு ஒன்று.

நல்லுசாமி எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். "எட்டுப் பத்து ஜோசியர் பார்த்திருக்கேன். வாயால சொல்லுவாங்க, நம்பாமயும் இருக்க முடியாது, நம்பவும் முடியாது. இது கண்ணால பார்த்தாச்சு," என்றார். நான் வாயால் சொன்ன பொய்களில் பாதிக்கு வேறு ஜோசியரிடம் போய்ச் சரிபார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கே தெரியும். இதைச் சரிபார்க்க யாரும் போகப்போவதில்லை.

போகும்போது அறிவுமதி என் கையைப் பிடித்தாள். அழகம்மாள் ஒரு சீப்பு பூவன் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் தெரு திரும்பும்வரை இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பிறகு மானிட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இத்தனை வருஷமா நீ படிச்சியே. எல்லாம் இருந்தபடிதான் படிச்சியா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "எழுத்து ரொம்பப் பொடிங்க," என்றேன். "சிலது தப்பாப் படிச்சிருப்பேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நம்ம ரெண்டு பேரோடதையும் போடு," என்றார்.

என் கை ஓடவில்லை. எங்களுக்குப் பொருத்தம் பார்த்தது என் மாமனார். ஒன்பது என்று சொல்லித்தான் கட்டிவைத்தார். மனுஷன் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருபத்தைந்து வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திவிட்டார். வேண்டாம் என்றேன். "போடு," என்றார். போட்டேன்.

பத்துக்கு மூன்று. ரஜ்ஜு இல்லை. முப்பத்திரண்டு இன்ச் அகலத்துக்கும் சிவப்பாக நின்றது. அவர் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார். எனக்குப் பயமாக இருந்தது. அந்த மானிட்டரைப் பாலத்திலேயே விட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

"உன் நேரம் எப்படி எழுதினது?" என்றார். "தலை தெரிஞ்ச நேரமா, அழுத நேரமா?"

"யாருக்குத் தெரியும்? எங்கம்மாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"அப்பச் சொல்ல ஆளில்ல. ஒரு பத்து நிமிஷம் தள்ளிப் போடு."

"பத்து நிமிஷம் பத்தாதுங்க," என்றேன். "நான் எப்பவோ போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணே முக்கால் மணி நேரம் தள்ளணும்."

அவர் ஒரு பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார்.

"தள்ளு," என்றார். "உன்னைப் பெக்கறதுன்னா அவ்வளவு நேரம் ஆகத்தான் செஞ்சிருக்கும்."