கோட்டில் குத்திய பேட்ஜ்

எனக்கு வாய் நீளம் என்று இந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பொட்டலம் கட்டி அனுப்பும் பிரிவுக்கு நான்தான் இன்சார்ஜ். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆபரேஷன் தியேட்டருக்கு அரைகுறையாகக் கழுவின கத்தரிக்கோல் போய்ச் சேரும். அதனால் திட்டுவேன். திட்டிவிட்டு அடுத்த நிமிஷமே மறந்துவிடுவேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை லேபிலிருந்து பேட்ஜ் ரிப்போர்ட் வந்தது. இரும்புச் சாமானை எல்லாம் நீராவியில் போட்டு எடுத்துவிடலாம். சூடு தாங்காத பிளாஸ்டிக் குழாய்களுக்குத்தான் எத்திலீன் ஆக்சைடு என்கிற வாயு. கிருமியைக் கொன்றுவிடும், கவனமில்லாவிட்டால் நம்மையும் பதம் பார்க்கும். புற்றுநோய் வரலாம், கரு கலையலாம். கசிந்தால் தெரியாது, மூக்குக்கு வாசனை எட்டுவதற்குள் அது எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு நாள் முழுக்க, எல்லோரும் காலரில் சின்னதாக ஒரு பேட்ஜைக் குத்திக்கொண்டு வேலை பார்ப்போம். சுற்றியுள்ள வாயுவை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேபில் அளந்து சொல்வார்கள். எட்டு மணி நேரச் சராசரி, பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி.

என்னுடையது பூஜ்யம் புள்ளி இரண்டு. என் நாத்தனாருடையது மூன்று புள்ளி நாலு.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்துவிட்டது. இப்போது ஐந்தாவது மாசம். இந்த வேலையில் சேர்த்துவிட்டவளே நான்தான். முழுகாமல் இருக்கிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கே, வாயு மெஷின் இருக்கிற ரூம் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று சொல்லி, அவளைப் பேக்கிங் ரூமுக்கு மாற்றினேன். அங்கே உட்கார்ந்திருந்தவளுக்கு மூன்று புள்ளி நாலு என்றால் வாயு எந்தச் சுவரைத் தாண்டி வந்தது?

மறைத்துவைக்க எனக்கு வராது. கூப்பிட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணி, இதுக்கு என்ன அர்த்தம்?”

“இப்போதைக்கு ஒண்ணும் அர்த்தமில்ல. நீ முதல்ல எந்திரிச்சு வெளிய வா.”

டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஒரு நம்பரை வைத்து எதையும் சொல்ல முடியாது, நிஜமாகவே எவ்வளவு சுவாசித்தாள் என்று கண்டுபிடித்து வாருங்கள் என்றார்.

திரும்பி வந்து வாயு மெஷினை நிறுத்தி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தியேட்டர் மேனேஜர் போனில் குதித்தார்.

“யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?”

“என் நாத்தனார் வயித்துல இருக்கிற பிள்ளையைக் கேட்டு நிறுத்தினேன். ஆபரேஷன் கேமரா சாமானெல்லாம் இந்த வாயு தேவைப்படாத பிளாஸ்மா மெஷின்ல போட்டுத் தர்றேன். நீளமான மெல்லிசுக் குழாய்க்கு அது சரிவராது. வெளியிலேர்ந்து பேக் பண்ணி வர்றதை வரவழைச்சுக்குங்க.”

பாதுகாப்பு அதிகாரி மத்தியானம் வந்தார். வாயு மோப்பம் பிடிக்கிற மீட்டரை எப்போதும் நீட்டிக்கொண்டே நடப்பதால் அவருக்கு ‘மூக்கு’ என்று பெயர். அவருக்கும் அது தெரியும். பேக்கிங் ரூமின் நாலு மூலையிலும், மேஜைக்கு அடியிலும், ஏசி துளையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் பூஜ்யம்.

“உங்க மெஷின் செத்துப்போச்சா?” என்றேன்.

“மூக்கு நல்லாத்தான் இருக்கு மேடம்,” என்றவர், வாசலுக்கு வெளியே நின்ற நாத்தனாரிடம் திரும்பினார். “பேட்ஜ் போட்ட அன்னைக்கு எங்கெல்லாம் போனீங்கம்மா?”

“எங்கயும் போகல சார். பேக்கிங் மேஜைதான்.”

“பேட்ஜ்?”

“கோட்ல குத்தியிருந்தேன்.”

“கோட் எங்க இருந்துச்சு?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“ஏரேட்டர் கைப்பிடியில.”

ஏரேட்டர் என்பது உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில், நடைவழியில் நிற்கும் ஆளுயர அலமாரி. வாயுவில் வெந்த குழாய்களை அதில் வைத்து, பன்னிரண்டு மணி நேரம் சூடான காற்றை ஓடவிட்டு, உள்ளே தங்கிய வாயுவை விரட்டுவோம்.

“என்னது?” என்றேன்.

“வயித்துக்கு மேல பட்டன் போட முடியல அண்ணி. காலையில வந்ததும் கோட்டைக் கழட்டி அங்க மாட்டிட்டு, லூசான கவுன் போட்டுக்குவேன். அங்க கதகதன்னு இருக்கும்ல, எல்லாரும் ஈரக் கோட்டை அதுலதானே காயப்போடுறாங்க.”

வாஸ்தவம்தான். நானே காயப்போட்டிருக்கிறேன்.

“பெரிய கோட் கேட்டுத் தொலைச்சிருக்கலாமேடி!”

“போன மாசம் ஒருத்தங்க கேட்டப்போ, இது ஆஸ்பத்திரியா ஜவுளிக்கடையான்னு கத்துனீங்களே.”

மூக்கு நடைவழிக்குப் போனார். அன்று விடியற்காலையில் வைத்த லோடு இன்னும் ஏரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் மீட்டரை நீட்டியதும் அது கீச்சிட ஆரம்பித்தது. மூன்று புள்ளி ஒன்று.

“கதவு ரப்பர் போயிருக்கு,” என்றார். “பேட்ஜ் பொய் சொல்லல. கோட்டைப் பத்தித்தான் சொல்லியிருக்கு.”

எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதியைத் தருவதற்கு அவர் இன்னொரு சோதனை வைத்தார். எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஏரேட்டரை இன்னும் எட்டு மணி நேரம் ஓடவிட்டு, ஆளில்லாத பேக்கிங் ரூமில் நாத்தனாரின் நாற்காலி முதுகில், அவள் கழுத்து உயரத்துக்கு, இரண்டு பேட்ஜ்களைக் குத்தினார். ஐந்து நாளில் முடிவு வரும் என்றார். போகும்போது, “ரெண்டு வருஷம் முன்னாடியே இந்த அலமாரியை வாயு ரூமுக்கு உள்ள தள்ளி, காத்து வெளியேற குழாய் போடுங்கன்னு எழுதினேன்,” என்றார். டிராலி திரும்ப இடம் பத்தாது என்று அன்றைக்கு மறுத்தது யார்? நான்தான். தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த ஐந்து நாளும் அவள் லீவில், எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. விளக்கை அணைக்காமல் விட்டாள், தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். நானே அணைத்தேன், நானே கழுவிவைத்தேன்.

ஆறாம் நாள் ரிப்போர்ட் வந்தது. இரண்டு பேட்ஜிலும், கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குக் கீழே. டாக்டரம்மா படித்துவிட்டு, “இனிமே நிம்மதியா தூங்குங்க,” என்றார். ஏரேட்டரை உள்ளே தள்ளிக் குழாய் போடும் வரை வாயு மெஷின் ஓடாது என்று மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

காகிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“அண்ணி, இப்பவாச்சும் என்னைத் திட்டுங்க.”

“எதுக்குடி?”

“அஞ்சு நாளா ஒரு வார்த்தை திட்டல நீங்க. எங்கிட்ட மறைக்கிறீங்க, பிள்ளை தங்காதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சு தினமும் அழுதேன்.”

அடிப்பாவி! அவள் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “அறிவிருக்கா உனக்கு? விஷ அலமாரியில போய்க் கோட்டை மாட்டுவியா? விளக்கை யாரு உங்க அப்பாவா வந்து அணைப்பாரு? சாப்பிட்ட தட்டைக் கழுவினா கை தேஞ்சுடுமா?” என்று ஆரம்பித்தேன். ஐந்து நாள் பாக்கி அத்தனையும் வந்தது. நடுவில் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினேன்.

“நிறுத்தாதீங்க அண்ணி,” என்றாள்.