காத்தாடிக்காரர் வழிவிட வேண்டும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எவராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மரியாதை. 2015 நவம்பரில், திண்டிவனத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஓர் அறிவிப்புப் பலகைக்கான ஆங்கில வாசகத்தைத் தமிழாக்கினேன். மொத்தம் பதினோரு விதிகள். தமிழில் ஐந்துதான் எழுதினேன். விட்டுப்போன ஆறில் ஒன்று, ஒரு பெண்ணின் கையைக் காப்பாற்றியிருக்கும்.

[காப்பாற்றியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது. காற்றுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அந்த வரியை எடுக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.]

நான் ஆங்கில ஆசிரியை. பெயர் தமிழ்ச்செல்வி. இதைச் சொல்லி என்னைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர்; நீங்களும் சிரித்துவிட்டு வாருங்கள். பலகைக்காக என்னைத் தேடி வந்தவன் அரிபிரசாத், பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, மரக்காணத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தின் கரையில் கடல் காத்தாடி விளையாட்டுக்குப் பள்ளி தொடங்கியிருந்தான்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். காலில் ஒரு பலகை. இடுப்பில் ஒரு பட்டை. அதிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளும் நான்கு கயிறுகள். அவற்றின் நுனியில் ஒரு வீட்டுக் கூடத்தை மூடிவிடும் அளவுக்கு ஒரு காத்தாடி. காற்று இழுக்க, ஆள் அலைமேல் வழுக்கிக்கொண்டு போவார். காற்று பிடித்து இழுக்கும்போது அந்தக் கயிறு கயிறாக இருப்பதில்லை. கத்தியாகிவிடுகிறது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் அடித்தேன். அடித்தவற்றை மறைக்கப்போவதில்லை.

முதலாவது: ‘வாடைக்காற்று நிலைகொண்ட ஒரு ஞாயிறு காலை, வானம் நிறைய வண்ணங்கள் மிதந்து...’ அழகாக இருக்கிறது. அதுதான் குற்றம். கரையில் நின்று தேநீர் குடித்தபடி பார்த்த எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது: ‘கோவிந்தம்மாள் ஓர் ஏழை மீனவப் பெண்.’ யார் சொன்னது ஏழை என்று? தம்பி சவுரிராயனோடு சேர்ந்து இரண்டு ஃபைபர் படகு வைத்திருப்பவர். வாரத்தில் நான்கு நாள் கூட்டேரிப்பட்டு வரை மீன் கொண்டுபோய், அங்கேயே செதில் எடுத்து, துண்டு போட்டு விற்பவர். அவர் கத்தி வேகத்துக்காகவே காத்திருந்து வாங்குகிறவர்கள் உண்டு. இவரை ஏழையாக்கினால் வாசகருக்குச் சீக்கிரம் இரக்கம் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சீ.

மூன்றாவது: ‘2016 பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விபத்து நேர்ந்தது.’ பிழையில்லாத வாக்கியம். யாரும் செய்யவில்லை, தானாக நேர்ந்தது. செய்தவனைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்க நம் மொழி எவ்வளவு தாராளமாக இடம் கொடுக்கிறது. இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு எழுவாய் எங்கே, எழுவாய் எங்கே என்று கேட்டுத் தலையில் குட்டியவள் நான்.

3

அந்த மேசைக்கு வருவோம். ஆங்கிலத்தில் முதல் விதி இது: படகுக்கும், மீன் பிடிப்பவருக்கும், குளிப்பவருக்கும், கரையில் நடப்பவருக்கும் காத்தாடிக்காரர்தான் வழிவிட வேண்டும்.

இதைத் தமிழில் எழுதத் தொடங்கியதும் அரிபிரசாத் கையை நீட்டித் தடுத்தான்.

“மிஸ், அது எங்களுக்குள்ள உள்ள ரூல். தமிழ் போர்டு ஊர்க்காரங்களுக்கு. இதப் போட்டா நாளைக்கு நடுவுல வந்து நின்னுகினு பேஜாரு பண்ணுவாங்க.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நியாயமாகப் பட்டது. பழைய மாணவன் தேடி வந்த பெருமையும் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் நான்காம் விதி, கயிறுகளை மணலில் பரப்பிப் போட்டுவிட்டுப் போகாதே என்று காத்தாடிக்காரரை எச்சரித்தது. தமிழில் அது ‘மணலில் கிடக்கும் கயிறுகளைத் தொடவோ தாண்டவோ கூடாது’ என்று ஆனது. ஏழாம் விதி, ஆள் நடமாட்டம் இருந்தால் காத்தாடியை ஏற்றாதே என்றது. தமிழில் ‘காத்தாடி ஏற்றும் இடத்தில் பொதுமக்கள் நடக்கக் கூடாது’. கடமை ஒருவர் தோளிலிருந்து இறங்கி இன்னொருவர் தலைமேல் ஏறிவிட்டது. ஏற்றிவைத்தது என் பேனா. அச்சடிக்கப்பட்டு வந்தபோது எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை.

* தமிழில் எழுதாமல் விட்ட மற்ற விதிகளில் சில: கரையிலிருந்து புறப்படுபவருக்குக் கரைக்குத் திரும்புபவர் வழிவிட வேண்டும். எதிரெதிரே இருவர் வந்தால் வலக்கை முன்னால் இருப்பவர் தன் வழியே போகலாம், மற்றவர் ஒதுங்க வேண்டும். ஒருவரை ஒருவர் கடக்கும்போது காற்று வரும் பக்கம் இருப்பவர் காத்தாடியை உயர்த்தவும் மற்றவர் தாழ்த்தவும் வேண்டும். மிக நாகரிகமான விதிகள். தங்களுக்குள்.

4

இனி நடந்தது. அலங்காரம் இல்லாமல் எழுத முயல்கிறேன்.

அந்த ஞாயிறு விடுமுறைக் கூட்டம். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவர்கள் இருபத்து மூன்று காத்தாடிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு நேரத்தில் நான்கு ஏற்றினாலே நெருக்கடியாகும் இடம் அது. இரண்டு பக்கமும் படகு வரிசை; நடுவில் மட்டும் வெறும் மணல். குப்பத்துக்காரர்கள் எதற்காக அந்த நடு மணலை வெறுமையாக விட்டிருந்தார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வரும் படகு அங்கேதான் ஏறும்.

பத்தரை மணிக்குச் சவுரிராயனின் படகு அலை தாண்டி வந்துகொண்டிருந்தது. மீனை அள்ளிக்கொள்ள கோவிந்தம்மாள் இரண்டு அன்னக்கூடைகளோடு இறங்கி வந்தார். நான் காத்தாடிப் பள்ளியின் பந்தலில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அவர் எட்டாவது வரை படித்தவர். தினமும் நேராக நடந்துபோகும் மணலை விட்டுவிட்டு, நான் எழுதிய ஐந்து வரிக்குக் கீழ்ப்படிந்து, சுற்றிக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்தார்.

காத்தாடிகள் வந்து இறங்கும் இடம் அந்தத் தண்ணீர் ஓரம்தான்.

ஒருவர் கரைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார். கற்றுக்கொள்ளத் தொடங்கி இரண்டாவது வாரம். அதே நேரம் இன்னொருவர் கரையிலிருந்து புறப்பட்டார். புறப்படுபவருக்குத் திரும்புபவர் வழிவிட வேண்டும் அல்லவா. விட்டார். ஒழுங்காக, சொல்லிக்கொடுத்தபடி ஒதுங்கினார். ஒதுங்கிய பக்கத்தில் கோவிந்தம்மாள் இருந்தார்.

காத்தாடி சரிந்தது. கயிறு தளர்ந்து அவர் வலக்கையைச் சுற்றியது. அவசரத்துக்குக் காத்தாடியை விடுவிக்க நெஞ்சருகே ஒரு சிவப்புப் பிடி உண்டு. அதை அந்த ஆள் இழுக்கவில்லை, பயத்தில் கயிறுகள் கோத்த கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காற்று மறுபடி காத்தாடியைத் தூக்கியது.

[இங்கே கயிறு என்ன செய்தது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவருக்கு வலித்ததை நான் நன்றாக எழுதிப் பெயர் வாங்க வேண்டியதில்லை.]

சவுரிராயன் படகிலிருந்து குதித்து, மீன் கத்தியால் கயிறுகளை அறுத்தான். கயிறு போயிற்றே என்று ஒரு குரல் பந்தலில் கேட்டது. யாருடையது என்று தெரியும். எழுதவில்லை.

5

பத்து நாள் கழித்து மீன் ஏலக்கூடத்தில் பஞ்சாயத்தார் கூடினார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஆன செலவையெல்லாம் அரிபிரசாத் பார்த்துக்கொண்டான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்று அவன் தமிழ்ப் பலகையின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். விலகி நிற்கச் சொல்லித் தெளிவாக எழுதிப் போட்டிருக்கிறோம் என்றான். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதிப் போட்டிருக்கிறதே.

கோவிந்தம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் அரிபிரசாத்திடம் பேசவில்லை. என்னிடம் கேட்டார்.

“தமிழு அஞ்சு வரி. பக்கத்துல இங்கிலீசு பதினொண்ணு. மிச்சத்துல இன்னா எளுதிக்கீது டீச்சரம்மா?”

ஒரு வரைவில், நான் எழுந்து நின்று அந்த விதியை முழங்குகிறேன். கூட்டம் சிலிர்க்கிறது. பொய். நடந்தது இது: அது விளையாடுகிறவர்களுக்கு உள்ளது என்றேன். என் குரல் அரிபிரசாத்தின் குரல் மாதிரியே இருந்தது.

“படிங்க” என்றார்.

படித்தேன். முதல் வரியை, தமிழில், மூன்று மாதம் தாமதமாக. பஞ்சாயத்தார் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். படித்தேன்.

கோவிந்தம்மாள் மெதுவாகச் சொன்னார்: “அப்ப வளி எங்களுது. தெரிஞ்சிருந்தா நான் சுத்திக்கினு போயிருக்க மாட்டேன். நேராப் போயிருப்பேன்.”

6

நான் இதை அனுப்பிய பத்திரிகையின் ஆசிரியர் கேட்டார்: கடைசியில் கோவிந்தம்மாள் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வதாக ஒரு காட்சி வைத்தால் என்ன? வைக்கலாம். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. எந்தக் கையால் பிடிப்பார் என்று கேட்டு எழுதினேன்.

வேறு முடிவுகளும் கைவசம் இருக்கின்றன.

(அ) அடுத்த ஞாயிறு குப்பத்துப் பெண்கள் பதினேழு பேர் அன்னக்கூடைகளோடு நடு மணலில் நேராக, அவசரமில்லாமல் நடந்தார்கள். வானத்தில் இருந்த காத்தாடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. இது உண்மையில் நடந்தது. இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் கோவிந்தம்மாளால் கத்தி பிடிக்க முடியவில்லை. இப்போது மீனை முழுசாகத்தான் விற்கிறார். துண்டு கேட்பவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள்.

(ஆ) அந்த விளையாட்டுக்காரர் வந்து மன்னிப்புக் கேட்டார் என்பது. வரவில்லை. ‘நடந்ததற்கு வருந்துகிறேன்’ என்று கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நடந்தது.

(இ) நான் திருந்திவிட்டேன் என்பது. இதை நானே நம்பவில்லை.

7

அடுத்த வாடைக்காற்றுக்கு அரிபிரசாத் வடக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு குப்பத்துக் கரைக்குப் போய்விட்டான். கேள்விப்பட்டதும் ஒரு ஞாயிறு, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். ஆங்கிலப் பலகையில் பதினோரு வரி. தமிழில் ஐந்து வரி. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நெத்திலியை வலையில் பரப்பிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். தலைக்கு மேலே நான்கு காத்தாடிகள். நான் வந்து பலகையையே வெறித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தாள். அந்த இங்கிலீஷ் பலகையில் முதல் வரி உங்களுக்காக எழுதியது, தமிழில் அதை விட்டுவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். என்ன வரி என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வைத்தாள், பஞ்சாயத்தார் மாதிரியே. கையிலிருந்த நெத்திலியை வலையில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“வுட்டுட்டாங்கன்னா, யாரும்மா வுட்டது?”

நான் சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை. நல்ல பதிலாக இருந்தால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். மோசமானதாக இருந்தால் என்னைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். இரண்டுக்கும் எனக்கு விருப்பமில்லை. அவள் இன்னும் அங்கே நிற்கிறாள். அவளைத் தாண்டிப் படகு வந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு இரண்டு மொழியும் தெரியும். என் இடத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள்.