தீகோனின் இடத்தில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு

மோட்டார்சைக்கிளின் வலப்புறம் இணைத்த பக்கவண்டி காலியாக இருந்தால் வலப்பக்கம் வெடுக்கென்று திரும்பக் கூடாது. யூரல் மலைப்பக்கத்துக் கிராமங்களில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. சவேலிக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தான்.

எல்லாம் அழகு படுத்திய பாடு. சவேலியின் பழைய பட்டாளத்து மோட்டார்சைக்கிளை விலைக்கு வாங்கும் எண்ணத்தில் பார்க்க நகரத்திலிருந்து ரொதியோன் வந்திருந்தார். பக்கவண்டியில் எப்போதும் குந்தியிருக்கும் உருளைக்கிழங்கு மூட்டை அதன் கம்பீரத்தைக் கெடுப்பதாகச் சவேலிக்குத் தோன்றியது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓட்டிக் காட்டினான். தன் வாசலுக்குத் திரும்பியபோது பக்கவண்டி காலைத் தூக்கிய நாயைப் போலச் சக்கரத்தைத் தூக்கியது. வண்டி இடப்பக்கம் பாய்ந்து, எதிர்வீட்டுக் கிளாவ்தியாவின் வேலியைப் பிளந்து, முட்டைக்கோசுப் பாத்தியில் போய் நின்றது. சவேலி இரண்டு கோசு தள்ளி விழுந்தான்.

"கோசு சூப் வேணும்னா கதவைத் தட்டிக் கேக்கக் கூடாதாடா?" என்றாள் கிளாவ்தியா.

ரொதியோன் வண்டியின் கீறல்களைப் பொருட்படுத்தவில்லை. "பட்டாளத்துக்கு அப்புறம் யார் யார் கையில இருந்துச்சு?"

"கூட்டுப்பண்ணை. அப்புறம் அங்க வேலை பார்த்த தீகோன், இந்த அத்தையோட அப்பா. அப்புறம் எங்க அப்பா. கடைசியா இந்தக் கோசுத் திருடன்," என்று தன்னையே காட்டினான் சவேலி.

"தீகோன்கிட்டேருந்து உங்க அப்பாவுக்கு எப்படி வந்துச்சு?"

சவேலியின் கிண்டல் வற்றிவிட்டது. விலைக்கு வாங்கியதாக அப்பா ஒரு தடவை சொன்னார். சீட்டாட்டத்தில் ஜெயித்ததாக ஒரு தடவை. சினைப்பசுவுக்கு மாற்றியதாக இன்னொரு தடவை. அவர்கள் வீட்டில் என்றைக்கும் ஆடுதான் இருந்தது.

"அத்தைகிட்டக் கேட்டு வைங்க. வம்பு வண்டி எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு ரொதியோன் போய்விட்டார்.

மறுநாள் சவேலி பலகையும் சுத்தியலுமாக வேலியடைக்கப் போனான். அந்த வண்டியில்தான் அவன் கல்யாணப் பெண்ணை அழைத்து வந்தான். அன்று பால் கேனோடு சேற்றில் ஒதுங்கி நின்று கையசைத்தாள் கிளாவ்தியா. கையசைத்தது இத்தனை நாள் நினைவிருந்தது. ஒதுங்கி நின்றது இப்போதுதான் உறைத்தது.

"ஆணி கோணலாப் போகுதுடா."

"என் புத்தியும்தான் அத்தை."

"அது பழைய கோணல்."

"அப்பா அந்த வண்டியைப் பத்தி மூணு கதை சொல்லியிருக்காரு, அத்தை."

"மூணுதானா?" அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "பனிக்காலம். எங்க அப்பாவுக்கு மூச்சுத் திணறல். எனக்கு ஓட்டத் தெரியாது. உங்க அப்பாதான் அவரைக் கம்பளி போர்த்திப் பக்கவண்டியில உட்கார வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனாரு. திரும்பி வரப்போ அவர் இடத்துல ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. காலியா வந்தாக் கவுந்துடுமே! அந்த மூட்டையைப் பார்த்துத்தான் எங்களுக்குச் சேதி தெரிஞ்சது."

சவேலி திரும்பிப் பார்த்தான். நேற்று இறக்கிய மூட்டை அவன் வாசலில் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"அப்புறம் வண்டி?"

"துக்கம் ஆறட்டும்னு உங்க வீட்லயே நின்னுச்சு. அப்புறம் கேக்க எங்களுக்கு வாய் வரல. கொடுக்க உங்க அப்பாவுக்குக் கை வரல. உதவி செஞ்ச மனுஷன்கிட்ட எப்படிடா கேக்கறது?"

நாக்கு நுனிக்கு ஒரு கிண்டல் வந்தது. சவேலி அதைக் கடித்து விழுங்கினான்.

"இப்போ அது யார் வண்டி அத்தை? எனக்காகப் பார்க்காமச் சொல்லுங்க."

கிளாவ்தியா சுத்தியலை வாங்கி, கோணல் ஆணியை நிமிர்த்தி, ஒரே அடியில் இறக்கினாள்.

"என் வண்டி," என்றாள்.