பதினாலு டப்பா

மன்றத்துக்குப் பெயர் வைக்கவே மூன்று மதிய இடைவேளை போனது. பெயர் முடிவானபோது கையில் இருந்த ஆள் ஆறு பேர்.

மன்றத்தைத் தொடங்கியவளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் தலைவி என்று பெயர். மன்றம் வருவதற்கு முன்பே வைத்தது, கிண்டலுக்கு வைத்தது. கரும்பலகையைத் துடைக்க யாரும் எழவில்லையென்றால் அவளே போய்த் துடைப்பாள். துடைத்துவிட்டு, துடைக்காதவர்களின் பெயரை ஓரத்தில் எழுதியும் வைப்பாள். இப்போதுதான் பெயருக்கேற்ற வேலை வந்திருக்கிறது என்றான் சோடாபுட்டி. அவன் கண்ணாடியின் தடிமனைப் பார்த்து அவள் வைத்த பெயர் அது. கணக்கு நேராகிவிட்டது.

மன்றத்துக்கு ஓர் அறை வேண்டும் என்று தலைவி சொன்னதைப் பிரின்சிபால் மேடம் முழுவதும் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே தலைவிக்குப் பாதி உயிர் வந்தது.

"சேவை மன்றம்னு போன வருஷம் ஒரு கோஷ்டி வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு. ரெண்டுக்கும் ரூம் குடுத்தேன். ரெண்டு ரூம்லயும் கேரம் போர்டுதான் நடந்துச்சு."

"நாங்க அப்படி இல்ல மேடம்."

"அவங்களும் அதையேதான் சொன்னாங்க. முதல்ல ஒரு வேலை செஞ்சு காட்டுங்க. செய்யறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, செஞ்ச பின்னாடி ஒரு போட்டோ. மாசக் கடைசிக்குள்ள. அப்புறம் பார்க்கலாம்."

சோடாபுட்டி குடியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் ஆப்பரேட்டர் அக்கா இருந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். தனியாக இருந்தார். வயதைப் பார்த்து வேறு எப்படியாவது கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அக்கா என்றால்தான் பதில்.

"ஆறு பேர்னு சொன்னான். அஞ்சு பேர் செருப்புதான் கழட்டின மாதிரி இருக்கு," என்றார் அவர்கள் வீட்டுக்குப் போனபோது.

"ஒருத்தன் வெளிய நிக்கிறான் அக்கா. வெட்கமாம்."

"என்னைப் பார்த்து வெட்கப்பட்டு என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியாதே. உள்ள வரச் சொல்லு."

ஆறு பேருக்கும் அவரே தேநீர் போட்டார். தலைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அக்காவின் கை எதையும் தேடவில்லை. நேராகப் போனது, டப்பாவை எடுத்தது, திறந்தது, போட்டது, மூடியது, இருந்த இடத்தில் வைத்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. கூடத்துக்கு வரும்போது நடுவில் கிடந்த நாற்காலியின் முதுகை விரலால் தொட்டுக்கொண்டு திரும்பினார்.

"சரி, எனக்கு என்ன சேவை செய்யப் போறீங்க?"

"நீங்க சொல்றதைச் செய்யறோம் அக்கா."

"தபால் படிக்கணும். ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு. எட்டு மாசம்."

"உங்க மகன் வந்தா படிக்க மாட்டாரா?" என்றாள் நெட்டை. அவள் தலைவியைவிட ஒரு முழம் உயரம், யோசிப்பதற்கு முன் பேசிவிடுவாள்.

"படிப்பான். படிச்சிட்டு, எனக்கு எது தேவைன்னு அவனே முடிவு பண்ணி அதை மட்டும் சொல்லுவான்."

மகன் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தார். தன் வீட்டில் அம்மாவுக்கென்று ஓர் அறையைத் தயார்செய்து வைத்து இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதைப் பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"என்னால முடியலைன்னு என்னைக்கு நீ உன் கண்ணால பார்க்கிறியோ, அன்னைக்கு நானே கிளம்பிடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னுட்டேன். இன்னும் அவன் பார்க்கலை. நானும் விடலை."

வெளியே வந்ததும் நெட்டை கேட்டாள், "தபால் படிக்கிறதை எப்படிடி போட்டோ எடுக்கிறது? முன்னாடி போட்டோல தபால் படிக்கலை. பின்னாடி போட்டோல படிச்சாச்சு. பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவியும் சிரித்தாள். வீடு போய்ச் சேரும்வரை அதையே யோசித்தாள்.

அடுத்த சனிக்கிழமை அக்காவை மகன் மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் வந்து தபாலைப் பிரித்து அடுக்கட்டும் என்று அக்கா சாவியை சோடாபுட்டியின் அம்மாவிடம் கொடுத்திருந்தார். சாவியைக் கையில் வாங்கியதும் தலைவி சொன்னாள்.

"வீட்டையே சுத்தம் பண்ணிடுவோம். அக்கா வரும்போது ஆச்சரியமா இருக்கட்டும்."

"ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமே," என்றான் சோடாபுட்டி.

"கேட்டுட்டா அப்புறம் என்ன ஆச்சரியம்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதலில் நெட்டை பதினோரு போட்டோ எடுத்தாள். பிறகு ஆறு பேரும் இடுப்பை ஒடித்து வேலை செய்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. தரையை இரண்டு முறை துடைத்தார்கள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். வழியை மறித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் கிடந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார்கள். வெளிச்சம் விழும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். குளியலறை வாசலில் இருந்த முக்காலி எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. அது பால்கனிக்குப் போனது. தபாலுக்கு நேரம் இல்லை. கட்டி, இழுப்பறையில் போட்டார்கள்.

சமையலறையில் பதினாலு டப்பா. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். சிலதில் ஒரு ரப்பர் பேண்ட், சிலதில் இரண்டு, ஒன்றில் முடிச்சுப் போட்ட நூல். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ரப்பர் டப்பாவோடு ஒட்டிக்கிடந்தது. நெட்டை "சீ" என்று நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டாள். தலைவி வெள்ளைத் தாளை ஒரே அளவில் நறுக்கி, தடித்த பேனாவால் உப்பு, சர்க்கரை என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினாள். பிறகு அகர வரிசையில் அடுக்கினாள்.

அவள் கையெழுத்தை எல்லோரும் பாராட்டினார்கள். கூடத்தில் நின்றே படிக்க முடிந்தது.

நாலு மணிக்கு அக்காவும் மகனும் வந்தார்கள்.

"அடேயப்பா," என்றார் மகன். "யார் வீட்டுக்கோ வந்துட்டோம்மா."

அக்கா முகம் மலர்ந்துதான் உள்ளே வந்தார். மூன்று எட்டு வைத்தார். கைப்பையை நாற்காலியில் வைத்தார். நாற்காலி இல்லை. பை கீழே விழுந்தது. கை மட்டும் அந்த உயரத்திலேயே நின்றது.

"நாற்காலி எங்கே?"

"சுவரோரம் இருக்கு அக்கா. வழியில கிடந்துச்சு," என்றாள் தலைவி.

"அதைத் தொட்டுத்தான் நான் திரும்புவேன்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஒரு டப்பாவை எடுத்தார். அதன் இடுப்பைச் சுற்றி விரல் ஓடியது. ரப்பர் இல்லை. தாள் தட்டுப்பட்டது.

"இது என்ன?"

"பேர் எழுதி ஒட்டியிருக்கோம் அக்கா," என்றாள் நெட்டை. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறு பேர். காலையிலிருந்து மாலைவரை. ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா சிரித்தார். "யார் எழுத்து?"

"என்னோடது."

"நல்லா இருக்கா?"

மகன் வாசலில் நின்றிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பாமல், "டேய், கிளம்பு. பஸ் போயிடப் போகுது," என்றார்.

"டீ போட்டுக் குடும்மா. குடிச்சிட்டுப் போறேன்."

சாதாரணமாகத்தான் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்பது தலைவிக்குக் கடைசிவரை தெரியவில்லை. அக்கா பாலை அடுப்பில் ஏற்றினார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்தார். மூன்றாவதில் தேயிலை கிடைத்தது. உப்புக்கும் சர்க்கரைக்கும் வாசனை கிடையாது. விரலைத் தொட்டு நாக்கில் வைக்க ஆரம்பித்தார்.

"அக்கா, சர்க்கரை இதோ இந்த..." தலைவி கையை நீட்டினாள்.

"எடுக்காதே."

ஏழாவது டப்பாவில் சர்க்கரை வந்தது. அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. மகன் எட்டி, கேஸ் குமிழைத் திருகி மூடினார். கொடுத்த தேநீரை ஒரு வாய் மீதம் வைக்காமல் குடித்தார்.

"நல்லா இருக்கும்மா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரேன்."

தலைவிக்கு ஒரு வாரம் இருந்தது. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நெட்டையின் போனை வாங்கிக்கொண்டு ஓடினாள். பதினோரு போட்டோ இருக்கிறதே, பார்த்துப் பார்த்து வைத்துவிடலாம். முக்காலி பால்கனியிலிருந்து திரும்பியது. கட்டில் பழைய பக்கம் போனது. நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டாள். நடுவில் என்றால் எந்த நடு? போட்டோவில் தரையின் கட்டங்களை எண்ணிப் பார்த்தாள். நாற்காலியின் கால் கட்டத்துக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. டப்பாக்கள் மேல் பளிச்சென்று ஒளி விழுந்து, ரப்பர் எதில் ஒன்று, எதில் இரண்டு என்று தெரியவே இல்லை. ஓரத்தில் நெட்டையின் கட்டைவிரல் மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

"நீங்க சொல்லுங்க அக்கா. மேல் தட்டுல இடது பக்கம் முதல்ல என்ன?"

"தேயிலை. அடுத்து சர்க்கரை. அடுத்து..." அக்கா நிறுத்தினார். கையைக் காற்றில் நீட்டினார். மடக்கினார். "கை நீட்டினா தெரியும்மா. வாயால கேட்டா வரமாட்டேங்குது."

ஒன்பது டப்பா தேறியது. மிச்சம் ஐந்துக்கு இருவரும் சேர்ந்து புது இடம் முடிவுசெய்தார்கள். புது ரப்பர் போட்டார்கள். செவ்வாயும் புதனும் வியாழனும் தலைவி வந்தாள். வியாழக்கிழமை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அக்கா வாசலிலிருந்து மூன்று எட்டு வைத்து, கையை நீட்டாமல் நின்றார்.

"இருக்கு அக்கா. அங்கேயேதான் இருக்கு. நான் பார்த்துட்டேதானே இருக்கேன்."

"தெரியுது. எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரிய மாட்டேங்குது. முன்னாடி அது பாட்டுக்குப் போகும். இப்ப ஒவ்வொரு எட்டுக்கும் என்னைக் கேட்குது."

அவர் முழங்காலுக்குக் கீழே முட்டைப் பருமனில் ஒரு கன்றல் இருந்தது. எங்கே இடித்தது என்று தலைவி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தபோது அவளும் அங்கே இருந்தாள். அக்கா சுவரைத் தடவிக்கொண்டு அறையிலிருந்து வந்தார். மகன் எழுந்தார். எதுவும் பேசவில்லை. அவர் பேசாததை அக்கா கேட்டுக்கொண்டார்.

"பார்த்துட்டியா?"

"பார்த்தேம்மா."

"சரி. எப்பன்னு சொல்லு. கிளம்பறேன்."

தலைவி குறுக்கே விழுந்தாள். "அங்கிள், அவங்களால முடியும். எங்க தப்பு இது. நாங்கதான் எல்லாத்தையும் மாத்திட்டோம். ஒரு மாசம் விட்டுப் பாருங்க, பழகிடுவாங்க. நான் தினம் வரேன்."

"உங்களைத் தப்பு சொன்னா என் வாய் அழுகிடும்மா," என்றார் அவர். மனசார சொன்னார். "நீங்க வந்ததாலதான் நான் பார்த்தேன். ரெண்டு வருஷமா என் கண்ணுல படாம மறைச்சிட்டாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர். மாற்றியிருக்கலாம் என்று தலைவிக்குத் தோன்றியது.

மகன் பள்ளிக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார். ஒன்றரைப் பக்கம். பிரின்சிபால் காலைக் கூட்டத்தில் அதை வாசித்தார். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. மன்றத்துக்கு மாடியில் ஓர் அறை கிடைத்தது. அறிவிப்புப் பலகையில் இரண்டு போட்டோ ஏறியது: முன், பின். அன்றைக்கே பதினேழு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

தலைவி பிரின்சிபாலின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்த வேலை தப்பாப் போச்சு. அவங்க வீட்டை விட்டே போறாங்க. எங்களாலதான்."

"கடிதத்துல எல்லாம் எழுதியிருக்காரே. மகனோட போய் நிம்மதியா இருக்கப் போறாங்க. இதுல என்ன தப்பு?"

"அவங்க தபால் படிக்கத்தான் சொன்னாங்க மேடம்."

"அதைவிட அதிகமா செஞ்சிருக்கீங்க." மேடம் மன்ற அறையின் சாவியை மேசை மேல் அவள் பக்கம் நகர்த்தினார். "அடக்கம் நல்லதுதான். ஆனா ரொம்ப வேண்டாம்."

சாவி அங்கேயே கிடந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். அவள் எடுத்துக்கொண்டாள்.

வீட்டைக் காலிசெய்ய ஆள் வேண்டும் என்று மகன் மன்றத்தைத்தான் கேட்டார். நீங்கள் சுத்தமாகச் செய்வீர்கள் என்றார். மறுப்பதற்கு ஒரு காரணம் சொல்லச் சொல்லித் தலைவி மன்றத்தில் கேட்டாள். யாருக்கும் வரவில்லை. சனிக்கிழமை இருபத்து மூன்று பேர் வந்தார்கள். கட்டில் போனது, ஃப்ரிட்ஜ் போனது, பதினாலு டப்பாவும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் போனது. சோடாபுட்டி மூட்டைகளைத் தூக்கிப்போனான். அன்று அவன் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

கூடத்தின் நடுவில் நாற்காலி மட்டும் மிஞ்சியது. அக்கா அதில் உட்கார்ந்திருந்தார்.

"தலைவி இருக்காளா?"

"இங்கதான் அக்கா."

"தபாலை என்ன பண்ணினீங்க?"

இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். கட்டை அவிழ்த்து, தரையில் அவர் காலருகே உட்கார்ந்தாள். முதல் உறையைக் கிழித்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் கூடுவதற்கான அழைப்பு. அவசியம் வரவேண்டும், உங்கள் குரலைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது என்று கீழே யாரோ கையால் எழுதியிருந்தார்கள்.

அந்த வரியையும் படித்தாள். தேதியை மட்டும் விட்டாள்.

"எப்பன்னு போட்டிருக்கு?"

அவள் சொன்னாள்.

"போயிடுச்சா?"

"போன மாசம், அக்கா. பதினெட்டாம் தேதி." வாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவர்கள் ஆறு பேரும் தேநீர் குடித்ததற்கு மறுவாரம். அக்கா வீட்டுச் சாவியை வாங்கியதற்கு மறுநாள்.

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி வாசலில் நின்று போனை உயர்த்தினாள். "தலைவி, இப்படியே இரு. அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க."

அக்கா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். போட்டோ எடுத்து முடிக்கும்வரை அப்படியே காத்திருந்தார்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு அக்கா."

"அடுத்ததைப் படி," என்றார்.