எம்னாவுக்குக் காத்திருந்த பாட்டு

பிப்ரவரியில் எம்னாவின் தொண்டையிலிருந்து கட்டி ஒன்றை எடுத்தார்கள். இரண்டு வாரம் வாயே திறக்கக்கூடாது, ஆறு மாதம் பாடக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குள் அவள் பாடும் மூவர் இசைக்குழு வெளியிடவிருந்த முதல் தனிப்பாட்டுக்கு கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் பதிவாகியிருந்தன. அவள் குரல் மட்டுமே பாக்கி. மே மாதம் பாட்டு வெளிவர வேண்டும், கோடை விழாவில் மேடையும் உண்டு என்று துனிஸ் நகரத்து நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் போட்டிருந்தது.

பார்க்க வந்த முந்திரிடம், 'வேறு பெண்ணைப் பாட வையுங்கள்' என்று அவள் காகிதத்தில் எழுதி நீட்டினாள். பகலில் பள்ளியில் கணக்கு வாத்தியார், மாலையில் டிரம்ஸ்காரன் அவன். அதைப் படித்துவிட்டு, வரும் வழியில் கப்பல் போகப் பாலத்தைத் தூக்கியிருந்ததால் முக்கால் மணி நேரம் நின்றதைப் பற்றியே பேசிவிட்டுப் போனான். பிறகு, நிறுவனமே வெளியீட்டைத் தள்ளிப்போட்டுவிட்டதாகச் செய்தி அனுப்பினான். அவளும் நம்பினாள். தேறும்வரை பேஜாவில் அக்காள் வீட்டில் இருந்தாள்.

செப்டம்பரில் தங்கள் ஊரான பிசேர்த்தாவுக்குத் திரும்பி ஒலிப்பதிவு அறையில் நின்றபோது, உச்சத்தில் குரல் ஏறவே இல்லை. பழைய கணீர் போய், அடியில் கரகரப்பு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று முறை முயன்றுவிட்டு எம்னா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். கிட்டாரும் பேஸும் வாசிக்கும் வஜ்தி பாட்டின் சுருதியைக் கீழே இறக்கினான். தான் வாசித்திருந்த அத்தனையையும் அழித்துவிட்டு, புதுச் சுருதியில் இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி வாசித்தான். அந்தக் கரகரப்போடு அவள் பாடியபோது, பாட்டு அவளுக்கென்றே தைத்த சட்டைபோல் பொருந்தியது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பாட்டு இணையத்தில் வெளிவந்தது; நிறுவனத்தோடு பேசுவதையெல்லாம் முந்திரிடமே விட்டிருந்ததால் எம்னா எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்கு உள்ளூர் வானொலியில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டைப் போட்டு முடித்த அறிவிப்பாளர் பெண், முந்திரைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்:

"வேற பொண்ணு பாடினாத்தான் ஆச்சுன்னு அந்தக் கம்பெனி சொன்னப்ப, நீங்கதான் ஒப்பந்தத்தையே விட்டீங்களாமே? கோடை விழா மேடையும் போச்சுன்னு சொல்றாங்க."

முந்திர் மேசையைப் பார்த்தான். வஜ்தி காதைச் சொறிந்தான். எம்னாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள்தான் மைக்கின் பக்கம் சாய்ந்து பேசினாள்.

"எனக்கு இது இப்பத்தான் தெரியும். தொண்டையைச் சரிபண்ணினது டாக்டர். பாட்டை எனக்குன்னு வச்சிருந்தது இவங்க ரெண்டு பேரும்."

வெளியே வந்ததும், லப்லாபி என்னும் கொண்டைக்கடலைச் சாறு விற்கும் கடைக்குப் போனார்கள். கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே எம்னா கேட்டாள்.

"ஏன்டா எங்கிட்ட மறைச்சீங்க?"

"சொன்னா மட்டும்? வாயும் பேச முடியாது, காகிதத்துலயே எங்களைத் திட்டித் தீர்த்திருப்ப," என்றான் முந்திர்.

"காகிதத்துல திட்டினாலும் உன் கையெழுத்தையாவது படிக்கலாம், இந்த வாத்தியாரோடத படிக்கவே முடியாதுன்னு நான்தான் சொன்னேன்," என்று வஜ்தி அவனைக் காட்டினான். அவள் சிரித்தாள், சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. கடைக்காரர் கொண்டைக்கடலையைச் சாறோடு அள்ளி ஊற்றி, அவள் கிண்ணத்தில் மட்டும் முட்டை ஒன்றைக் கூடுதலாக உடைத்துவிட்டார். வானொலி அவர் கடையிலும் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு ஊரைப் புரட்டிப் போடவில்லை. முதல் வாரத்தில் நாலாயிரம் பேர் கேட்டார்கள். டிசம்பரில் ஊர்க் கலாசார மன்றம் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு அழைத்தது. எட்டுப் பாட்டு கேட்டார்கள். தன் தொண்டை ஐந்துதான் தாங்கும் என்று எம்னா சொன்னாள். மற்ற மூன்றையும் முந்திரும் வஜ்தியும் அபசுரமாகவே பாடினார்கள். அவள் மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் கை வலிக்கத் தட்டினாள்.